கால் மில்லிமீட்டர் வளைவு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடத்துக்குப் போகும் வழியில் வல்லம் வடகால் சிப்காட் இருக்கிறது. 2015இல் அங்கே யமஹாவின் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அங்கே உருவான பைக் ஒன்று உங்கள் தெருவிலும் நிற்கலாம். அதன் சின்னத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். ஒரு வட்டம், அதற்குள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு நிற்கும் மூன்று கவைகள். பைக்கில் இருப்பதால் அவற்றை ஸ்பேனர் என்று நினைக்கத் தோன்றும். ஸ்பேனர்கள் இல்லை. பள்ளி ஆய்வகத்தில் ரப்பர் கட்டையில் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பீர்களே, அந்த இசைக்கவைகள்.

பைக்குக்கு எதற்கு இசைக்கவை? ஜப்பானில் டொராகுசு யமஹா என்பவர் 1887இல் ஒரு ரீட் ஆர்கன் செய்தார். நம் ஹார்மோனியத்துக்கு உறவுக்காரக் கருவி அது. அவர் தொடங்கிய நிறுவனம் பிறகு பியானோ செய்தது. மரவேலையில் கைதேர்ந்தவர்கள் என்பதால் விமானங்களுக்கு மரப் புரொப்பெல்லர்களும் அங்கே செய்தார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, சும்மா கிடந்த புரொப்பெல்லர் இயந்திரங்களை வைத்து மோட்டார் சைக்கிள் செய்தால் என்ன என்று யோசித்தார்கள். 1955இல் முதல் பைக் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் பைக் பிரிவு தனி நிறுவனமானது. சின்னத்தை மட்டும் விட்டுவிட்டுப் போகவில்லை. ஒரு சின்ன வேறுபாடு உண்டு, கண்டுபிடித்துப் பாருங்கள்: இசைக்கருவியில் இருக்கும் சின்னத்தில் கவைகளின் முனை வெளிவட்டத்தைத் தொடாது, பைக்கில் இருக்கும் சின்னத்தில் தொடும். இசைக்கருவி செய்யும் யமஹாவுக்கும் சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் பக்கம் ஒரு தொழிற்சாலை உண்டு. அங்கே கிட்டார்களும் உருவாகின்றன.

ஆனால் பைக்கையும் கிட்டாரையும் இந்தச் சின்னத்தைவிட நெருக்கமாக இணைக்கும் ஒரு பொருள் இருக்கிறது. அதன் பெயர் ஃபீலர் கேஜ். ஒரே உறைக்குள் மடங்கிக் கிடக்கும் மெல்லிய எஃகுத் தகடுகள். ஒவ்வொன்றின் மேலும் அதன் தடிமன் பொறித்திருக்கும். 0.05, 0.10, 0.15, 0.25 என்று மில்லிமீட்டரில் போகும். உங்கள் ஊர் பைக் மெக்கானிக் அண்ணாவிடம் கேட்டால் எடுத்துக் காட்டுவார். டேப்பெட் செட்டிங் செய்யும்போது வால்வுக்கும் அதைத் தள்ளும் உறுப்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று இந்தத் தகட்டை நுழைத்துத்தான் அவர் பார்ப்பார். பல பைக்குகளில் அந்த இடைவெளி 0.1 மி.மீ. அக்கம்பக்கம். எஞ்சின் சூடானால் உலோகம் விரியும்; விரிவதற்கு இடம் வேண்டும் அல்லவா? அதற்காக விட்டு வைத்த இடைவெளி அது.

அதே தகட்டை எடுத்து ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரைச் சீர் செய்யலாம். எப்படி என்று பார்ப்போம்.

கிட்டாரில் இரண்டு பெரிய பகுதிகள். ஒன்று உடல், கனமான மரக்கட்டை. அதில் காந்தமும், ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட தாமிரக் கம்பிச் சுருளும் சேர்ந்த பிக்அப் பதித்திருக்கும். எஃகுக் கம்பி அந்தக் காந்தத்தின் அருகே அதிரும்போது சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்டுபிடித்த அதே விதிதான். அது தனியாகப் பேச வேண்டிய கதை. இன்று நம் கவனமெல்லாம் இரண்டாவது பகுதியின் மேல்: கழுத்து. நீளமான, ஒல்லியான மரம். அதன் முகத்தில் விரல்பலகை. அதில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட்டுகள். வீணையில் மெட்டு என்போமே, அதே வேலை. தலைப்பக்கம் கம்பிகள் ஏறி உட்காரும் வெட்டுகள் கொண்ட ஒரு சிறிய பட்டை இருக்கும். அதற்கு நட் என்று பெயர். போல்ட்டில் மாட்டும் நட்டுடன் குழப்பிக்கொள்ளாதீர்கள். மறுமுனையில், உடலின் மேல், பிரிட்ஜ். வீணையில் குதிரை. நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில்தான் கம்பி அதிர்கிறது. ஃபெண்டர் என்ற நிறுவனத்தின் வகைக் கிட்டார்களில் இந்தத் தூரம் பெரும்பாலும் 648 மி.மீ.

இனி ஒரு கணக்கு. கம்பி எவ்வளவு இழுவிசையில் நிற்கிறது? கம்பியின் எடை, நீளம், சுருதி மூன்றும் தெரிந்தால் சொல்லிவிடலாம். மிக மெல்லிய கம்பி 0.010 அங்குலம் தடிமன் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு ஏறக்குறைய 330 முறை அதிர வேண்டும். அதற்கு 7 கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான எடையைக் கட்டித் தொங்கவிட்ட அளவு இழுக்க வேண்டும். ஆறு கம்பிகளும் 7 முதல் 9 கிலோ வரை ஆளுக்கொரு பக்கம் இல்லாமல் ஒரே பக்கமாக இழுக்கின்றன. கூட்டினால் சுமார் 47 கிலோ! எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவரின் எடை அளவுக்கு ஒரு விசை, இரவும் பகலும், கிட்டாரை யாரும் தொடாதபோதும், அந்த ஒல்லி மரத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது.

கம்பிகள் மரத்தின் நடுவே ஓடவில்லை. அதன் முகத்துக்கு மேலே ஓடுகின்றன. அதனால் இழுவிசை மரத்தை நசுக்குவதோடு நிற்காமல் வளைக்கவும் செய்கிறது. தலை முன்னால் வர, நடுப்பகுதி பின்னால் போகும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். 30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை எடுங்கள். நீளவாக்கில், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மேல் முகம், கீழ் முகம் இரண்டையும் சுற்றி வருமாறு உறுதியான நூலை இறுக்கிக் கட்டுங்கள். முனைகளில் நூல் நழுவாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஸ்கேல் வளையாது. இருபுறமும் ஒரே அளவு இழுவிசை. இப்போது மேல் முகத்தில் மட்டும், இரண்டு முனைக்கும் அருகே நூலுக்கு அடியில் ஒவ்வொரு பென்சில் துண்டைச் செருகுங்கள். நூல் மேலே எழும்பும், ஸ்கேல் வளைந்துவிடும். கழுத்துக்கு நடப்பது இதுதான். பிறகு கீழ் முகத்திலும் அதேபோல் இரண்டு துண்டுகளைச் செருகுங்கள். வளைந்த ஸ்கேல் நிமிர்வதைப் பார்க்கலாம். இழுவிசை மாறாவிட்டாலும், அது மரத்தின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இழுக்கிறது என்பதைப் பொறுத்து வளைவு மாறுகிறது. உயர் வகுப்பில் இதைத் திருப்புத்திறன் என்று படிப்பீர்கள்.

நிமிர்த்தும் இந்த வேலையைக் கிட்டாரில் செய்வது ட்ரஸ் ராட். கழுத்தின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் எஃகுக் கம்பி. கிப்ஸன் நிறுவனத்தில் வேலை செய்த தாடியஸ் மெக்ஹியூ இதற்கு 1921இல் விண்ணப்பித்து 1923இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பெல்லாம் கழுத்து வளையக் கூடாது என்றால் அதைத் தடிமனாகச் செய்வதைத் தவிரப் பெரிய வழியில்லை. தடிமனான கழுத்தைச் சின்னக் கைகளால் பிடிக்க முடியாது. பல கிட்டார்களில் ராட் நேராக ஓடாது. இரண்டு முனையும் விரல்பலகைக்கு அருகே இருக்க, நடுப்பகுதி கழுத்தின் முதுகுப் பக்கம் தாழ்ந்திருக்கும். முனையில் உள்ள திருகை இறுக்கினால் வளைந்த ராட் நேராகப் பார்க்கும். அப்படி நேராகும்போது கழுத்தின் நடுப்பகுதியை முன்னே தள்ளும். கம்பிகள் ஒரு பக்கம், ராட் மறுபக்கம். இருவரும் ஒத்துப்போகும் இடத்தில் கழுத்து நிற்கிறது.

கட்டை உடல் கொண்ட எலெக்ட்ரிக் கிட்டாரைப் பெருமளவில் செய்யத் தொடங்கிய லியோ ஃபெண்டர், மேப்பிள் மரம் உறுதியானது, இந்த ராட் தேவையில்லை என்று நினைத்தார். 1950இல் வந்த அவருடைய முதல் கிட்டார்கள் சிலவற்றில் ராட் கிடையாது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் மனம் மாறியது. ராட் உள்ளே வந்தது. 47 கிலோ யாருடைய நம்பிக்கைக்காகவும் தளர்ந்து கொடுப்பதில்லை.

மேம்பாலம் கட்டும் இடங்களில் நீண்ட கான்கிரீட் உத்திரங்கள் அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குள்ளும் இதே தந்திரம் இருக்கிறது. உத்திரத்தின் அடிப்பக்கமாக எஃகு வடங்களை ஓடவிட்டு, இழுத்து இறுக்கி வைக்கிறார்கள். அதனால் எடை எதுவும் ஏறாதபோது உத்திரம் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். பாலத்தின் தளமும் லாரிகளும் மேலே ஏறும்போது அந்த வளைவு ஈடுகட்டப்படும். முன்தகைவுக் கான்கிரீட் என்று பொறியியலில் இதற்குப் பெயர்.

நம் வீணைக்கு ட்ரஸ் ராட் இல்லை. தஞ்சாவூரில் வீணை செய்பவர்கள் வேறு வழி கண்டார்கள். பலா மரத்தில் தண்டியை, அதாவது கழுத்தை, செதுக்கி, அதன் மேல் மெழுகுப் படுகை அமைத்து, 24 மெட்டுகளையும் அந்த மெழுகில் பதிக்கிறார்கள். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். ஒவ்வொரு மெட்டும் எந்த இடத்தில், எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைக் காதால் கேட்டுக் கேட்டு முடிவு செய்கிறார்கள். கழுத்தைத் திருத்துவதற்குப் பதிலாக, 24 மெட்டுகளையும் தனித்தனியே திருத்துகிறார்கள். நாளாக ஆக மெழுகு தளர்ந்தால் மறுபடி மேளம் கட்ட வேண்டும். ஒரு திருகில் முடிகிற வேலை இல்லை அது. எனக்கு அதன் மேல் மிகுந்த மரியாதை உண்டு. கிட்டாரின் ஃப்ரெட்டுகள் மரத்தில் அடித்து இறக்கியவை, தனித்தனியாக நகராது. ஆகவே அங்கே கழுத்தைத்தான் திருத்தியாக வேண்டும்.

சரி, திருத்துவது என்றால் நேராக்குவதுதானே? கழுத்தை நூல் பிடித்த மாதிரி நேராக வைத்துவிட்டால் போதுமே? பெரியவர்களும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு நல்ல கிட்டார் கழுத்து முழு நேராக இருப்பதில்லை. மிகச் சிறிய உள்வளைவை வேண்டுமென்றே விட்டு வைக்கிறார்கள். கிட்டார்காரர்கள் அதை ரிலீஃப் என்கிறார்கள்.

காரணம், கம்பி அதிரும் விதம். மீட்டிய கம்பியை உற்றுப் பாருங்கள். இரண்டு முனையும் அசையாமல் நிற்க, நடுவில் புடைத்து மங்கலாகத் தெரியும். அந்தப் புடைப்பு எங்கே மிகப் பெரியது? சும்மா மீட்டினால், சரி பாதியில், அதாவது 12ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே. 3ஆவது ஃப்ரெட்டில் விரல் வைத்தால்? 15ஆவதுக்கு மேலே. 5இல் வைத்தால் 17க்கு மேலே. எப்போதும் 12 கூட்டினால் போதும். 12 ஃப்ரெட் தாண்டினால் கம்பியின் நீளம் பாதியாகிறது, சுருதி இரட்டிப்பாகிறது என்ற கணக்கிலிருந்து இது வருகிறது. பிரிட்ஜை நோக்கிப் போகப் போகக் கம்பி ஃப்ரெட்டுகளிலிருந்து உயர்ந்துகொண்டே போவதால், புடைப்பின் உச்சிக்குப் பொதுவாக இடம் கிடைத்துவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விரலுக்கு அடுத்த சில ஃப்ரெட்டுகளைக் கம்பி உரசுகிற மாதிரி தாழ்வாகக் கடக்கிறது. புடைப்போ அங்கேயே தொடங்கிவிடுகிறது. கழுத்து முழு நேராக இருந்தால் கம்பி அந்த ஃப்ரெட்டுகளில் பட்டு 'ஜ்ஜ்ர்ர்' என்று அலறும். கழுத்து நடுவில் மயிரிழை உள்வாங்கியிருந்தால் அங்கே இடம் கிடைக்கிறது.

எவ்வளவு உள்வாங்க வேண்டும்? ஃபெண்டர் நிறுவனம் தன் பெரும்பாலான இன்றைய கிட்டார்களுக்குச் சொல்லும் அளவு 0.010 அங்குலம். மில்லிமீட்டரில் 0.25. அச்சுத்தாள் 500 கொண்ட ஒரு கட்டின் உயரத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். சுமார் 5 செ.மீ. வரும். அப்படியானால் ஒரு தாளின் தடிமன் 0.1 மி.மீ. நமக்கு வேண்டிய வளைவு இரண்டு தாளுக்கும் மூன்று தாளுக்கும் நடுவில். இந்த வளைவை அப்படியே நீட்டி முழு வட்டமாக்கினால் அந்த வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 68 மீட்டர் வரும். அவ்வளவு மென்மையான வளைவு. கண்ணால் பார்த்து இதைச் சரியாகச் சொல்ல முடியாது, அளக்கத்தான் வேண்டும்.

அளப்பதற்குக் கிட்டாரிலேயே ஒரு நேர்கோடு இருக்கிறது: இழுத்துக் கட்டிய கம்பி. கொத்தனார் சுவர் எழுப்பும்போது இரண்டு முனையில் ஆணியடித்து நூல் கட்டிப் பார்ப்பார். அதைத்தான் நாமும் செய்யப் போகிறோம். முதலில் ஆறு கம்பிகளையும் சரியான சுருதிக்குக் கொண்டுவர வேண்டும். சுருதி தளர்ந்திருந்தால் இழுவிசையும் குறைந்திருக்கும், அளவு பொய் சொல்லும். ஆம்ப்ளிஃபயர் ஒயரைக் கழற்றிவிடுங்கள். கிட்டாரை மேசையில் படுக்கப் போடாமல், வாசிக்கும்போது பிடிப்பதுபோலவே மடியில் வைத்துக்கொள்ளுங்கள். படுக்கப் போட்டால் அதன் சொந்த எடையே கழுத்தைக் கொஞ்சம் அசைத்துவிடும். முதல் ஃப்ரெட்டில், கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியை மாட்டுங்கள். கழுத்து உடலோடு சேரும் இடத்தில், 17ஆவது ஃப்ரெட் பக்கம், தடித்த கம்பியை ஒரு விரலால் அழுத்துங்கள். இப்போது அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கம்பி நேர்கோடு. தன் எடையால் கம்பி தொய்யாதா என்று கேட்டால், கேள்வி நியாயமானதுதான். தொய்யும்; ஆனால் இந்தத் தூரத்துக்கு அது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை.

8ஆவது ஃப்ரெட்டின் உச்சிக்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் நடுவில் ஃபீலர் கேஜின் 0.25 தகட்டை நுழையுங்கள். கம்பியைத் தூக்கிவிடாமல் இலேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். 0.30 தகடு கம்பியைத் தூக்கிவிட்டால், 0.20 தகடு தொடாமலே போய்விட்டால், நீங்கள் தேடிய அளவு கிடைத்துவிட்டது. ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் அப்பாவோ அக்காவோ உங்கள் வீட்டில் இருந்தால் இதைக் கேட்டதும் சிரிப்பார்கள். உள்ளே போக வேண்டிய கேஜ் ஒன்று, போகக் கூடாத கேஜ் ஒன்று என்று இரண்டை வைத்துக்கொண்டு பாகங்களைச் சோதிப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. கோ, நோ-கோ கேஜ் என்பார்கள்.

இடைவெளி அதிகமாக இருந்தால் கம்பிகள் ஜெயித்துக்கொண்டிருக்கின்றன. ராடை வலப்பக்கம், கடிகார முள் சுற்றும் திசையில் இறுக்க வேண்டும். இடைவெளி மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை என்றால் இடப்பக்கம் தளர்த்த வேண்டும். இந்த இடத்தில் மட்டும் தனியாக இறங்காதீர்கள். கிட்டார் தெரிந்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு நேரத்தில் கால் சுற்று, அதற்கு மேல் கூடாது. பிறகு மறுபடி சுருதி சேர்த்து, மறுபடி அளக்க வேண்டும். மரம் சொன்ன உடனே கேட்டுவிடாது. சில சமயம் மறுநாள் காலையில்தான் முழுவதும் அடங்கி நிற்கும். திருக மறுத்தால் பலத்தைக் காட்டாமல் நிறுத்திவிட வேண்டும்.

ராடைத் திருகப் பயன்படும் ஆறுமுகச் சாவியான ஆலன் கீ பற்றி ஒரு எச்சரிக்கை. பல அமெரிக்கக் கிட்டார்களில் ராடின் திருகு 1/8 அங்குலம். மில்லிமீட்டரில் 3.175. நம் ஊரில் எளிதில் கிடைப்பது 3 மி.மீ. கீ. உள்ளே போகும், பொருந்தியது போலவே இருக்கும். ஆனால் அந்த 0.175 மி.மீ. ஆட்டம் போதும், இறுக்கும்போது திருகின் ஆறு மூலைகளும் மழுங்கிவிடும். மழுங்கிய ட்ரஸ் ராட் திருகை மீட்பது பெரிய வேலை, செலவும் அதிகம். ஆசியாவில் செய்த கிட்டார்களில் பெரும்பாலும் 4 அல்லது 5 மி.மீ. கீ பொருந்தும். எது என்று தெரிந்த பிறகுதான் கையை வைக்க வேண்டும்.

ரிலீஃப் சரியான பிறகு ஆக்‌ஷன். கம்பி ஃப்ரெட்டுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் ஆக்‌ஷன். இந்த வரிசையை மாற்றக் கூடாது. ரிலீஃபைத் தொட்டால் ஆக்‌ஷனும் கூடவே மாறும். ஆக்‌ஷனைத் தொட்டால் ரிலீஃப் அநேகமாக மாறாது. ஆக்‌ஷன் உயரமாக இருக்கிறது என்று ட்ரஸ் ராடை இறுக்கிக்கொண்டே போவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. உயரத்தைக் குறைக்க பிரிட்ஜ் இருக்கிறது; ராடின் வேலை வளைவு மட்டுமே.

ஃபெண்டர் சொல்லும் ஆக்‌ஷன் அளவு, 17ஆவது ஃப்ரெட்டில் சுமார் 1.6 மி.மீ. உங்கள் கிட்டாரில் 2.0 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 0.4 மி.மீ. குறைக்க வேண்டும். பிரிட்ஜில் கம்பி உட்காரும் சின்னத் துண்டுக்கு சாடில் என்று பெயர், அதை 0.4 மி.மீ. இறக்கினால் போதுமா? போதாது. கணக்கு நோட்டில் ஒரு முக்கோணம் வரையுங்கள். நட் ஒரு முனை, அது அசையாது. சாடில் மறுமுனை. நடுவில், 12ஆவது ஃப்ரெட்டில், கம்பி பாதி அளவுதான் இறங்கும். 17ஆவது ஃப்ரெட் நட்டிலிருந்து 405 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. மொத்தம் 648. 405-ஐ 648-ஆல் வகுத்தால் 0.625. ஆகவே 0.4-ஐ 0.625-ஆல் வகுக்க வேண்டும், 0.64 மி.மீ. இறக்க வேண்டும் என்று விடை வருகிறது. வடிவொத்த முக்கோணங்கள் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் நண்பர்களுக்கு இதைக் காட்டுங்கள். சாடிலைத் தாங்கும் திருகு 3 மி.மீ. வகை என்றால், ஒரு முழுச் சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் இறங்கும். அப்படியானால் ஒன்றேகால் சுற்று. ஒவ்வொரு சாடிலிலும் இரண்டு திருகுகள் இருந்தால் இரண்டையும் ஒரே அளவு சுற்றுங்கள்.

இரைச்சல் எங்கே வருகிறது என்று கேட்டே நோயைக் கண்டுபிடிக்கலாம். முதல் ஐந்தாறு ஃப்ரெட்டுகளில் எல்லாம் இரைந்தால் கழுத்து அளவுக்கு மீறி நேராக இருக்கிறது, அல்லது பின்னால் வளைந்திருக்கிறது. 12க்கு மேலே மட்டும் இரைந்தால் ரிலீஃப் அதிகமாக இருக்கலாம்: நடுவில் பள்ளம் கூடினால் உடல் பக்க ஃப்ரெட்டுகள் மேடாகிவிடும். விரலே வைக்காமல் மீட்டும்போது மட்டும் இரைந்தால் நட்டின் வெட்டு ஆழமாகிவிட்டது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இரைந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் எழும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை ராடும் சாடிலும் சரி செய்யாது.

ஆக்‌ஷனைத் தாழ்த்தினால் விரலுக்குச் சுகம். அதற்காக எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்துவது நல்லது என்று நான் நினைக்கவில்லை. யார் என்ன வாசிக்கிறார்கள் என்பதும் இதில் உண்டு. பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி மேற்கே போனால் ராணிப்பேட்டை வரும். அங்கே பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்த பிரசன்னா, எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை வாசிப்பவர். 'கிட்டார்' பிரசன்னா என்றே பெயர். கர்நாடக இசையில் ஸ்வரங்கள் ஆணியடித்தது போல நிற்பதில்லை. கமகத்தில் அசைந்துகொண்டே இருக்கும். அதற்குக் கம்பியின் மேல் விரலைச் சறுக்க வேண்டும், கம்பியைக் குறுக்கே இழுக்கவும் வேண்டும். விரல்பலகையின் முகம் தட்டை இல்லை, இலேசாகக் குவிந்தது. தாழ்ந்த கம்பியைக் குறுக்கே இழுத்தால் குவிந்த நடுப்பகுதியில் முட்டி ஒலி அப்படியே அடங்கிவிடும். கமகம் வேண்டுமென்றால் கம்பிக்குக் கொஞ்சம் உயரம் வேண்டும். நிறுவனம் கொடுக்கும் 1.6 தொடங்குகிற இடம். அங்கிருந்து ஏற்றுவதா இறக்குவதா என்பதை வாசிக்கும் விரல்தான் சொல்ல வேண்டும்.

இனி கழுத்தின் மரத்தைப் பார்ப்போம். விரல்பலகைக்குப் பல கிட்டார்களில் ஈட்டி மரம் பயன்படுகிறது. தோதகத்தி என்றும் சொல்வார்கள். நீலகிரி, ஆனைமலைக் காடுகளில் வளரும் மரம். பிரேசில் நாட்டு ஈட்டி அரிதானதும் அமெரிக்காவின் மார்ட்டின் போன்ற பெரிய நிறுவனங்கள் 1969 வாக்கில் இந்திய ஈட்டிக்கு மாறின. அதன்பின் நம் மலை மரம் உலகம் முழுக்கப் போனது. அளவுக்கு மீறி வெட்டிவிடக் கூடாது என்பதற்காக 2017இல் ஈட்டி இனங்கள் எல்லாவற்றின் பன்னாட்டு வணிகத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. 2019இல், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள்.

ஈட்டி விரல்பலகை, மேப்பிள் கழுத்து. இரண்டும் வெவ்வேறு மரங்கள், ஒன்றோடொன்று ஒட்டியவை. காற்றில் உள்ள ஈரத்தை இரண்டும் ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. ஒட்டிய இரண்டில் ஒன்று கூடுதலாக மாறினால் வளையாமல் என்ன செய்யும்? அதனால்தான் சித்திரை வெயிலில் சீர் செய்த கிட்டார் ஐப்பசி அடைமழையில் முரண்டு பிடிக்கிறது. ஏ.சி. அறையில் ஒரு மாதம் கிடந்து வெளியே வந்தாலும் அப்படியே. பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஒரு நோட்டில் தேதி, மழையா வெயிலா, 8ஆவது ஃப்ரெட்டில் எத்தனை, 17ஆவதில் எத்தனை என்று எழுதி வையுங்கள். ஓராண்டு எழுதினால் உங்கள் கழுத்து எந்த மாதம் எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

கடைசியாக ஒரு கேள்வி. 0.010 அங்குலத்தில் தொடங்கும் கம்பிக் கட்டைக் கழற்றிவிட்டு, விரல் வலிக்கிறது என்று 0.009இல் தொடங்கும் மெல்லிய கட்டை மாட்டுகிறீர்கள். அதே சுருதி. மொத்த இழுவிசை 47 கிலோவிலிருந்து 39 கிலோவுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ராடை யாரும் தொடவில்லை. 8ஆவது ஃப்ரெட்டில் இருந்த 0.25 என்ன ஆகும்? யோசித்துவிட்டுப் படியுங்கள்: கம்பிகள் 8 கிலோவுக்கு மேல் விட்டுக்கொடுத்துவிட்டன, ராட் விட்டுக்கொடுக்கவில்லை. கழுத்து பின்னால் நிமிரும், இடைவெளி குறையும், முதல் ஃப்ரெட்டுகளில் இரைச்சல் கேட்கும். திருக வேண்டிய திசை இடப்பக்கம், கால் சுற்றிலிருந்து.